புகையிட்ட நெஞ்சுக்கறியும் அண்டை வீட்டார் உரிமையும்



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நாள்களில் மத்ரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் அண்மைக் காலமாக எங்களிடம் ஒரு புதிய கேள்வியைக் கேட்கின்றனர். அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் வாழும் அவர்களின் மக்கள் கைப்பேசியில் காணொளிகளை அனுப்புகிறார்கள். மாட்டின் நெஞ்சுப் பகுதியை முழுத் துண்டாக எடுத்து, பல மணி நேரம் விறகுப் புகையில் வாட்டி, வெண்ணெய் போல் மிருதுவாக்கும் முறை அது. ‘பிரிஸ்கெட்’ என்று அதற்குப் பெயர். “ஹஜ்ரத், இது நமக்கு ஆகுமா? நம் வீட்டில் செய்ய முடியுமா?” என்று கேட்கிறார்கள்.

ஹலாலான இறைச்சியாயின் ஆகும். பொறுமை இருந்தால் முடியும். இவ்விரண்டையும் விளக்கவே இக்கட்டுரை. ஆயினும் எவரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: அந்தப் புகை எங்கே போகும்? ஆர்.கே.பேட்டை போன்ற ஊரில் வாழும் நமக்கு முதலிரண்டு கேள்விகளைவிட இதுவே முக்கியமானது என்பது எங்கள் கருத்து.

பழமையான ஒரு விருந்து

நெருப்பின் வெம்மையில் இறைச்சியை வாட்டி விருந்தினருக்குப் படைப்பது நேற்று வந்த வழக்கமன்று. ஸூரா ஹூதின் 69ஆம் வசனம், இப்ராஹீம் (அலை) அவர்கள் தம்மிடம் வந்த முன்பின் அறியாத விருந்தினருக்கு வாட்டிய கன்றின் இறைச்சியைத் தாமதமின்றிக் கொண்டுவந்ததைக் கூறுகிறது. அங்கே வரும் ‘ஹனீத்’ என்ற சொல்லுக்குப் பழுக்கக் காய்ந்த கற்களின் வெப்பத்தில் வாட்டப்பட்டது என விரிவுரையாளர்கள் பொருள் தருவர். யமன் நாட்டில் இன்றும் மெல்லச் சுடப்படும் இறைச்சி உணவொன்றுக்கு ‘ஹனீத்’ என்பதே பெயர்.

இறைச்சியைப் பதப்படுத்தி வைப்பதற்கும் நம் மார்க்கத்தில் முன்மாதிரி உண்டு. பயணத்தில் குர்பானி கொடுத்த நபி (ஸல்) அவர்கள் அவ்விறைச்சியைப் பதப்படுத்துமாறு ஸவ்பான் (ரலி) அவர்களிடம் கூற, மதீனா வந்து சேரும்வரை அதிலிருந்து உண்டார்கள் என்று முஸ்லிம் நூலில் அறிவிப்பு உள்ளது. ஓர் ஆண்டு வறியவர் பலர் மதீனாவுக்கு வந்திருந்தபோது, குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று தடுத்தார்கள். மறு ஆண்டு அத்தடையை நீக்கி, உண்ணவும் வழங்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். இறைச்சி எப்போதும் அடுத்தவரின் தேவையோடு சேர்த்தே எண்ணப்பட்டது என்பது இதிலிருந்து விளங்கும்.

நம் வீடுகளின் உப்புக்கண்டமும் இவ்வழியில் வந்ததே. இறைச்சியை நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, காக்கைக்குத் துணி போர்த்தி மொட்டை மாடியில் காயவைத்த பாட்டிமார் பலர். மழைக்காலமாயின் விறகடுப்பின் மேல் தொங்கவிடுவார்கள். புகை படிந்து கெடாமல் இருக்கும். ஆகவே புகையும் நமக்குப் புதிதன்று.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் இம்முறை வளர்ந்த கதையும் எளியோர் கதையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக் கடைக்காரர்கள் விற்காமல் நின்ற இறைச்சியைப் புகையிட்டு விற்றார்கள். லாக்ஹார்ட் என்னும் சிற்றூரில் 1900இல் தொடங்கப்பட்ட கிராய்ட்ஸ் கடை இன்றும் நடக்கிறது. கடினமானது என்று ஒதுக்கப்பட்ட நெஞ்சுக்கறியை நேரமும் வெப்பமும் உயர்த்திவிட்டன. இன்று அதே மாநிலத்தில் முஸ்லிம்கள் ஹலால் இறைச்சியைக் கொண்டு இதைச் செய்கின்றனர். வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகள் இரண்டைக் கவனிக்க வேண்டும். பன்றி இறைச்சி வாட்டும் அடுப்பிலேயே மாட்டிறைச்சியும் வாட்டப்படும் கடைகள் உண்டு. இடையிடையே பீர் தெளிக்கச் சொல்லும் செய்முறைகளும் உண்டு. நமக்கு நீரில் கலந்த வினிகரே போதும். காடியைச் சிறந்த குழம்பாக நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள்.

இறைச்சியைத் தெரிந்துகொள்ளுதல்

மாட்டுக்குக் காறை எலும்பு இல்லை. அதன் முன்னுடலின் பாரத்தை நெஞ்சுத் தசைகளே பெரிதும் தாங்குகின்றன. அதனால் அங்கே நார்த்தன்மையுள்ள இணைப்புத் திசு மிகுதி. குக்கரில் போட்டு விசில் விட்டாலும் வேகும். ஆனால் துண்டு துண்டாகச் சிதறும். மெல்லிய வெப்பத்தில் பல மணி நேரம் வைத்தால் அந்த நார் உருகிப் பசையாகி, தசைக்குள்ளேயே தங்கி மிருதுவாக்கும். உள்வெப்பம் 70 டிகிரி செல்சியஸைக் கடந்த பின்னரே இம்மாற்றம் நன்கு நிகழும். 95 டிகிரியை எட்டும்போது கம்பியைச் செருகினால் தடையின்றி இறங்கும். அதுவே பதம்.

டெக்ஸாஸ் மாட்டையும் நம் ஊர் மாட்டையும் ஒன்றாக எண்ணலாகாது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது எனச் சான்று பெற்ற மாட்டை அறுக்கலாம். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் 1977ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உள்ளது. எனவே முறையாக நடக்கும் உள்ளூர்க் கடையில் வாங்குவதே நலம்; ஹலாலைத் தேடுகிறவர் சட்டத்தையும் பேண வேண்டும். இவ்வாறு நமக்குக் கிடைப்பது உழைத்து முதிர்ந்த மாட்டின் இறைச்சி. கொழுப்புக் குறைவு, நார் மிகுதி. ஆகவே காணொளியில் காட்டும் நேரக்கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. எலும்பு நீக்கி, மேற்கொழுப்பை ஒரு விரல் பருமனில் பாதியளவு விட்டு, இரண்டு கிலோ நெஞ்சுக்கறியை ஒரே துண்டாகத் தருமாறு கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அவர் துண்டு போடக் கத்தியைத் தூக்குமுன் சொல்லிவிடுங்கள்!

இரண்டு கிலோவுக்கு 30 கிராம் உப்பு, அதே எடையில் கொரகொரப்பாகப் பொடித்த மிளகு. விரும்பினால் சிறிது பூண்டுப் பொடி. வேறெதுவும் தேவையில்லை. முதல் நாள் இரவே தடவிக் குளிர்பெட்டியில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும்.

அடுப்பும் விறகும்

சமையல் எண்ணெய் வந்த இரும்பு டிரம் ஒன்று போதும். இரசாயனம் வைத்திருந்த டிரம் எக்காரணத்தாலும் ஆகாது. துத்தநாக முலாம் பூசிய தகரமும் ஆகாது. சூட்டில் நச்சுப்புகை விடும். டிரம்மை நெடுக்கில் படுக்கவைத்துப் பாதியாகப் பிளந்து, மேற்பாதியை மூடியாக்கி, அடியில் காற்று நுழைய ஒரு துளையும் மூடியில் புகை வெளியேற ஒரு துளையும் இடுமாறு வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் கம்பித் தட்டின் மேல் இறைச்சி, இடையில் ஒரு தட்டு நீர். நெருப்புக்கு நேர்மேலே இறைச்சி இருத்தல் கூடாது. உள்ளே 110 முதல் 120 டிகிரி வெப்பம் நிலைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பி வெப்பமானி இன்றி இதில் இறங்க வேண்டாம். வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ இதை மூட்டவே கூடாது. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயு நிறமும் மணமுமின்றி உயிரைப் பறிக்கும்.

விறகைப் பொறுத்தவரை அல்லாஹ் நமக்கு அருகிலேயே வைத்திருக்கிறான். டெக்ஸாஸில் பயன்படும் ‘மெஸ்கீட்’ மரமும் நம் ஏரிக்கரைகளை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலமும் நெருங்கிய உறவுடையவை. ஆயினும் அதன் புகை காரமானது. அதைக் கரியாக வாங்கி வெப்பத்துக்கு மட்டும் பயன்படுத்தி, மணத்துக்குக் கொய்யா அல்லது மாவிறகு இரண்டு மூன்று துண்டுகள் சேர்ப்பது தொடக்கநிலையினருக்கு நல்லது. விறகு நன்கு உலர்ந்திருக்க வேண்டும். வேம்பு கசக்கும். அரளி நஞ்சு, அதன் சுள்ளியொன்றும் அடுப்பருகே வரலாகாது. வண்ணம் பூசிய பழைய பலகையும் ஒட்டுப்பலகையும் அவ்வாறே.

புகையின் நிறம்

தொடங்குவோர் பலரும் வெண்மேகம் போல் புகை எழுந்தால்தான் சுவை ஏறும் என்று எண்ணுகின்றனர். உண்மை வேறு. தடித்த வெண்புகை, விறகு சரியாக எரியாததன் அடையாளம். அது இறைச்சியின் மேல் கரிப்பிசினாகப் படிந்து நாவில் கசக்கும். காற்று தாராளமாகப் புகுந்து, சிறு நெருப்புத் தூய்மையாக எரியும்போது எழுவது கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிய நீலப்புகை. அதுவே சுவை தருவது. ஆகவே நெருப்பு தெளிந்த பின்னரே இறைச்சியை உள்ளே வைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இறைச்சி ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் முதல் சில மணி நேரத்திலேயே புகையின் மணத்தை நன்றாக ஏற்றுக்கொள்கிறது. பிறகு அதற்கு வேண்டியது வெப்பம் மட்டுமே. உள்வெப்பம் 65 அல்லது 70 டிகிரியை அடைந்ததும் மேலே ஏறாமல் நெடுநேரம் அப்படியே நிற்கும். அஞ்ச வேண்டாம். மண்பானை நீர் கசிந்து ஆவியாகித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது போல, இறைச்சியும் தன் ஈரத்தால் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அப்போது அதனை எடுத்து, அனலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, அதன்மேல் அலுமினியத் தாளை இறுகச் சுற்ற வேண்டும். அச்சிட்ட செய்தித்தாள் கூடாது. கொழுப்புக் குறைந்த நம் ஊர்க் கறியை மூன்று மணி நேரத்திலேயே பொதிந்துவிடலாம். பொதியுமுன் உருக்கிய கொழுப்பு இரண்டு கரண்டி ஊற்றுங்கள். அதன்பின் விறகே வேண்டியதில்லை. கரியின் அனலிலோ, கனத்த தேக்சாவில் மாவு ஒட்டித் தம் போட்டோ நான்கைந்து மணி நேரம் வைத்தால் போதும். பிரியாணிக்குத் தம் போடத் தெரிந்த நம் தாய்மாருக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை.

சிறிதளவு புகை, அதுவும் தெளிந்த புகை, அதுவும் முதல் மூன்று மணி நேரம் மட்டும். கறிக்கு எது நல்லதோ அதுவே அடுத்த வீட்டுக்கும் நல்லது. இந்தப் பொருத்தம் எங்களை வியக்க வைத்தது.

மதிலுக்கு அப்பால்

எங்கள் ஊர் எத்தகையது என்பதை அறியாதோருக்குச் சொல்கிறோம். திருத்தணி மலையும் சோளிங்கர் மலையும் அருகருகே உள்ள பகுதி. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. இன்றும் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் உருதுவும் கேட்கும். நெசவே பலருக்கும் பிழைப்பு. விசைத்தறிகளின் ஓசை ஓயாத தெருக்கள். சில வீடுகளில் இன்னும் கைத்தறி உண்டு. விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். ஈரப் பாவின் மீது ஒரு துளி கரித்தூள் விழுந்தாலும் அவர்களின் உழைப்பு கெடும். ஆடிக் கிருத்திகைக்கு விரதமிருந்து காவடி எடுப்போர் வீடுகள் எங்களைச் சுற்றிலும் உள்ளன. மாட்டிறைச்சி என்ற சொல் ஒன்றே மனிதரைப் பிரிக்கப் போதுமானதாகிவிட்ட காலம் இது.

உண்பது நம் உரிமை. அதில் ஐயமில்லை. ஆனால் புகைக்கு மதில் தெரியாது. நம் தட்டிலுள்ள உணவு நம்முடையது. அடுத்த வீட்டுக் கூடத்துக்குள் நுழையும் அதன் புகை நம்முடையதா?

வெங்காயமும் பூண்டும் பச்சையாக உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்றும், மனிதருக்குத் தொல்லை தருவது மலக்குகளுக்கும் தொல்லை தருகிறது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உண்டது ஹலால், ஆயினும் அதன் வாடை பிறரைத் துன்புறுத்துமாயின் அதுவும் கணக்கில் வருகிறது. அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகிறவர் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரலாகாது என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற கட்டளை. ஸூரா நிஸாவின் 36ஆம் வசனம் உறவான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே நன்மை செய்யச் சொல்கிறது. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான நம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்ப வினவியதும் நூல்களில் உண்டு.

நம் அண்டை வீட்டார் மாட்டிறைச்சி உண்ணாதவர். அவருக்கு எதைக் கொடுப்பது? புகையைக் கொடுக்காமலிருப்பதே அவருக்கு நாம் தரும் பங்கு என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

எனவே சென்ற பெருநாளுக்குப் பின், அடுப்பு மூட்டுவதற்கு இரண்டு நாள் முன்பாகவே நாங்கள் குடும்பத்தோடு பக்கத்து நெசவாளர் வீட்டுக்குச் சென்றோம். செய்யப்போவது இன்னதென்று மறைக்காமல் சொல்லி, எந்த நேரம் அவர்களுக்குத் தொல்லையாகாது என்று கேட்டோம். வீட்டுக்கார அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “காலையில பாவு விரிக்கிறோம் பாய். பத்து மணிக்கெல்லாம் சுருட்டிடுவோம். அதுக்கப்புறம் மூட்டிக்கோங்க. ஆடிக் கிருத்திகை வாரம் மட்டும் வேணாம், வீட்டுல விரதம்” என்றார். எங்கள் வீட்டார், “சரிக்கா, அந்த வாரம் அடுப்பே பத்தவைக்க மாட்டோம்” என்றார்கள். அவ்வளவே உரையாடல்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு நெருப்பு மூட்டினோம். காற்று எங்கள் பக்கமே திரும்பும்படி டிரம்மைத் தென்மேற்கு மூலையிலிருந்து நகர்த்தி வைத்தோம். லுஹர் தொழுது வந்து பொதிந்தோம், விறகை நிறுத்தினோம். அஸர் கடந்தது, மஃக்ரிப் கடந்தது. எடுத்த பின் ஒரு மணி நேரம் பொதியைப் பிரிக்காமல் ஆறவைத்தோம். இந்த ஓய்வு மிக அவசியம். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். இஷாவுக்குப் பின், தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்கே, பென்சில் பருமனில் அறுத்தோம்.

பல் போன பிறகு எங்கள் தாயார் பல ஆண்டுகளாக மாட்டுக்கறியைச் சாறாக மட்டுமே அருந்திவந்தார்கள். பெருநாள் சாப்பாட்டில் எல்லாரும் கறியை மெல்லும்போது, தாம் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். அன்று ஒரு துண்டை ஈறாலேயே நசுக்கி உண்டு, “இன்னொன்னு வை” என்றார்கள். இந்த ஒன்பது மணி நேர உழைப்புக்கு வேறென்ன கூலி வேண்டும்? அல்ஹம்துலில்லாஹ்.

அளவு

சில எச்சரிக்கைகள். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் பட்டியலிலும், சிவப்பு இறைச்சியை உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. புகையிடுதலும் பதப்படுத்தும் முறைகளுள் ஒன்றே. எனவே இது ஆண்டுக்கு ஓரிரு முறை செய்யும் விருந்தாக இருக்கட்டும், வாரந்தோறும் வேண்டாம். கருகிய பகுதியை அகற்றிவிடுங்கள். சமைத்த இறைச்சியை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். இது உப்புக்கண்டமன்று, நெடுநாள் தாங்காது. மூச்சிரைப்பு உள்ளவர் அடுப்பருகே நிற்க வேண்டாம். ஆடையில் ஏறிய புகைவாடையோடு ஜமாஅத்துக்குச் செல்லாமல் குளித்து உடை மாற்றிச் செல்லுங்கள்.

பெரிய அடுப்புக்கு வசதியில்லாத அடுக்குமாடிக் குடும்பங்கள் வருந்த வேண்டாம். நெஞ்சுக்கறியைத் தம்மில் மெல்ல வேகவைத்து, இறக்குமுன் ஒரு சிறு கிண்ணத்தில் தணலை வைத்து, அதன்மேல் சில துளி நெய் விட்டு, ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். ‘துங்கார்’ என்று உருது பேசும் நம் வீடுகளில் வழங்கும் முறை இது. புகையின் மணம் கிட்டும்; புகை சட்டியை விட்டு வெளியேறாது.

சமைத்ததில் உறவினருக்கும் வறியோருக்கும் பங்கு வையுங்கள். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். தெருவில் மாட்டிறைச்சி உண்ணும் பிற சமயத்தார் இருந்தால் அவர்களுக்கும் ஒரு தட்டு அனுப்புங்கள். உண்ணாதவர் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் போதும். அதை முதல் நாளே, நேரம் கேட்கப் போகும்போதே கொண்டுசெல்லுங்கள்.

எல்லாச் செயலிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்துள்ளான் என்று ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறோம். அது கத்தியைத் தீட்டுவதைப் பற்றியும் பேசுகிறது. கத்திக்கு உள்ள ஒழுக்கம் அடுப்புக்கும் புகைக்கும் இல்லாமற் போகுமா?

நம் உணவில் பரக்கத்தையும், நம் தெருவில் அமைதியையும், அண்டை வீட்டாரின் உள்ளத்தில் நம்மைப் பற்றிய நல்லெண்ணத்தையும் வல்ல அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.